ஏழு மட்டை போதும்: கோல்ஃப் ஆடத் தொடங்குகிறவர்களுக்கு

"அண்ணா, கோல்ஃப் கத்துக்கலாம்னு இருக்கேன், எந்த செட் வாங்கலாம்?" என்று அலுவலகத்தில் ஒரு தம்பி போன மாதம் கேட்டான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை நானும் நாலு பேரிடம் கேட்டேன். நாலு பேரும் நாலு பிராண்ட் பெயர் சொன்னார்கள், நான் பதினான்கு மட்டைகள் கொண்ட முழு செட் ஒன்றை வாங்கினேன், அதில் பாதி மட்டைகளை முதல் இரண்டு வருடம் பையிலிருந்து உருவவே இல்லை. அந்தப் பணத்தில் பத்துப் பதினைந்து வகுப்புகள் போயிருக்கலாம். அதனால் அந்தத் தம்பிக்கு லிஃப்ட் வாசலில் நின்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன். நான் பயிற்சியாளர் இல்லை, சென்னையில் சனி ஞாயிறு காலையில் ஆடுகிறவன், ஹேண்டிகேப் (ஆடுகிறவரின் தரத்துக்கேற்ப மதிப்பெண்ணில் கழித்துக்கொள்ளத் தருகிற அடிக் கணக்கு) 17. இதில் இருப்பதெல்லாம் அந்த நிலையிலிருந்து பார்த்துச் சொல்வதுதான்.

ஒரு சின்ன விஷயம், கோல்ஃபில் அடிக்கிற தடிக்கும் கிளப் என்றுதான் பெயர், ஆடப் போகிற சங்கத்துக்கும் கிளப் என்றுதான் பெயர். குழப்பம் வேண்டாம் என்று தடியை இங்கே மட்டை என்றே எழுதுகிறேன்.

முதலில் எதையும் வாங்காதீர்கள்

முதல் ஒரு மாதத்துக்கு எதுவுமே வாங்க வேண்டாம். பந்தடிப் பயிற்சிக்கென்று இருக்கிற டிரைவிங் ரேஞ்சுக்குப் போங்கள், வாடகைக்கோ இரவலாகவோ ஒரு 7 அயர்ன் (இரும்புத் தலை மட்டை, எண் கூடக்கூடச் சாய்வு கூடும், தூரம் குறையும்) வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு கூடை பந்து எடுங்கள், ஐந்தாறு வகுப்புகளுக்கு மட்டும் ஒரு பயிற்சியாளரிடம் சேருங்கள். யூடியூபில் எல்லாம் இருக்கிறது, உண்மைதான், ஆனால் உங்கள் கை மட்டையை எப்படிப் பிடித்திருக்கிறது என்று யூடியூபுக்குத் தெரியாது. பிடி தப்பாகப் பழகிவிட்டால் அதை மறக்க வைப்பது பெரும்பாடு, எனக்கு எட்டு மாதம் ஆனது.

நம் ஊரில் பெரும்பாலோர் கிரிக்கெட் ஆடிவிட்டுத்தான் இங்கே வருகிறோம். அதனால் எல்லோருக்கும் வருகிற தப்பு ஒன்று உண்டு. பந்தைத் தூக்கி அடிக்க வேண்டும் என்று நினைத்து, உடல் எடையைப் பின்காலில் வைத்துக்கொண்டு, கீழ்க்கையால் பந்தை அள்ளப் பார்ப்போம். அப்போது மட்டை பந்துக்கு முன்னாலேயே தரையில் இடிக்கும், இல்லையென்றால் பந்தின் தலையில் பட்டு அது தரையோடு ஓடும். அயர்னில் பந்தை மேலே எழுப்புவது மட்டை முகத்தின் சாய்வு, உங்கள் மணிக்கட்டு இல்லை. பந்தைக் கீழ்நோக்கி அடிக்க வேண்டும், எடை முன்காலுக்கு வந்திருக்க வேண்டும், முதலில் பந்து, அப்புறம்தான் புல். ஃபேர்வேயில், அதாவது குழிக்குப் போகிற வழியில் ஒட்ட வெட்டின புல்தரையில், பந்து இருந்த இடத்துக்கு முன்பக்கமாகப் புல் பெயர்ந்திருந்தால் சரியாக அடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்த ஒன்று உடம்புக்குப் புரிய எத்தனை கூடை பந்தானாலும் அடிக்கலாம்.

குழியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பார் என்றால் நன்றாக ஆடுகிறவருக்கு ஆகிற அடிக் கணக்கு. பதினெட்டுக் குழிக்கும் சேர்த்து பார் 72 உள்ள மைதானத்தில் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு பட் (குழியை நோக்கி உருட்டுகிற அடி) என்று கணக்கு வைத்துத்தான் பார் போடுகிறார்கள். அதாவது 72 அடியில் 36 அடி கிரீனிலேயே, அதாவது குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரையிலேயே, முடிகிறது. ஆனால் புதிதாக வருகிறவர்கள் ரேஞ்சில் செய்வது என்ன? முக்கால் கூடை டிரைவர் (அதிக தூரம் அடிக்கிற மட்டை), கால் கூடை அயர்ன், பட்டிங் கிரீன் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. டிரைவர் ஒரு ரவுண்டில் அதிகம் போனால் பதினான்கு தடவை கையில் வரும், பட் அடிக்கிற மட்டையான பட்டர் நாற்பது தடவை வரும்.

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் நான்காவது இடம் வந்தபோது விடிகாலையில் எழுந்து உட்கார்ந்து பார்த்த ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். போட்டியிட்ட 60 பேரில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். மற்றவர்கள் முப்பது நாற்பது கெஜம் முன்னால் நிற்க, இவர் பின்னாலிருந்து நீள மட்டையால் கிரீனுக்கு அடித்து, பட்டரை வைத்தே உலகின் முதல் வரிசைக்காரர்களோடு கடைசிக் குழி வரை மல்லுக்கட்டினார். ஒரே ஓர் அடியில் வெண்கலம் போனது. அன்றைக்குப் பார்த்ததுதான் என் பயிற்சி முறையையே மாற்றியது.

ஆகவே வரிசை இப்படி: முதலில் மூன்றடி பட், அப்புறம் முப்பதடி பட்டைக் குழிக்குப் பக்கத்தில் நிறுத்துவது, அப்புறம் கிரீனுக்கு வெளியே பத்துப் பதினைந்து அடியிலிருந்து சிப் (தாழ்வாகத் தட்டி உருள விடுகிற சின்ன அடி), அப்புறம் ஐம்பது கெஜத்துக்குள் பிட்ச் (உயர எழுப்பி இறக்குகிற அடி), அதற்கப்புறம் முழு ஸ்விங். முதல் மூன்று மாதத்தில் உங்கள் நேரத்தில் பாதியாவது ஐம்பது கெஜத்துக்குள் செலவாகட்டும்.

இதில் பாதி வீட்டிலேயே நடக்கும். டைல்ஸ் தரையில் பந்து ஐஸ் மேல் போவது போல ஓடும், சரிப்படாது. ஜமக்காளத்தைச் சுருக்கமில்லாமல் விரித்தால் கிட்டத்தட்ட கிரீனின் வேகம் வரும். குழியின் விட்டம் நாலே கால் அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். வீட்டு டம்ளரின் வாய் அதைவிடச் சின்னது, அதைப் படுக்கவைத்து அதற்குள் உருட்டிப் பழகினால் மைதானத்தில் குழி பெரிதாகத் தெரியும், இதை நான் மனதாரச் சொல்கிறேன். சிப் பழக மொட்டை மாடியில் தேங்காய் நார் மிதியடி ஒன்றைப் போட்டு, பத்தடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து, உள்ளே காற்றோட்ட ஓட்டை உள்ள பயிற்சிப் பந்துகளைப் போட்டுப் பாருங்கள். நிஜப் பந்தை மாடியில் தொடவே கூடாது, பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியோடு மனிதர்களும் இருக்கிறார்கள்.

இப்போது மட்டைகள்

விதிப்படி பையில் அதிகபட்சம் பதினான்கு மட்டைகள் வைக்கலாம். அது உச்சவரம்பு மட்டுமே, அத்தனையும் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. தொடங்குகிறவருக்கு நான் சொல்கிற ஏழு: பட்டர், சாண்ட் வெட்ஜ், பிட்ச்சிங் வெட்ஜ் (இரண்டும் சாய்வு அதிகமுள்ள குறுந்தூர மட்டைகள்), 8 அயர்ன், 6 அயர்ன், ஒரு ஹைப்ரிட் (அயர்னுக்கும் வுடுக்கும் இடைப்பட்டது), ஒரு 5 வுட் (பெரிய தலையுள்ள நெடுந்தூர மட்டை). டிரைவர் இந்தப் பட்டியலில் இல்லை, தெரிந்துதான் விட்டிருக்கிறேன். டிரைவரின் முகம் நிமிர்ந்து நிற்கும், தண்டும் எல்லா மட்டையிலும் நீளமானது, கொஞ்சம் பிசகினாலும் பந்து வலதுபக்கம் வளைந்து காட்டுக்குள் போகும். 5 வுடில் சாய்வு அதிகம், அதே பிசகலுக்குப் பந்து ஓரளவு நேராகப் போகும். முப்பது கெஜம் குறையும், ஆனால் பந்து ஃபேர்வேயில் கிடக்கும். ஆறு மாதம் கழித்து டிரைவர் வாங்கும்போது 12 டிகிரி, இல்லையென்றால் குறைந்தது 10.5 டிகிரி எடுங்கள், 9 டிகிரி பக்கம் போக வேண்டாம்.

ஏழு மட்டையில் இன்னொரு நன்மை, 7 அயர்ன் தூரம் வரும்போது 7 அயர்ன் இருக்காது. 8-ஐ நன்றாக அடிக்க வேண்டும், இல்லை 6-ஐத் தணித்து அடிக்க வேண்டும். அப்படி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பழக்கம் முழு செட்டோடு தொடங்குகிறவர்களுக்கு வர ரொம்ப நாளாகிறது. பையும் லேசாக இருக்கும், மே மாதத்துச் சென்னையில் அது சின்ன விஷயமே இல்லை.

மட்டையின் மேல் எழுதியிருக்கிற எண்ணை நம்பாதீர்கள், சாய்வு எத்தனை டிகிரி என்று கேளுங்கள். பழைய செட்டில் 7 அயர்ன் 34, 35 டிகிரி இருக்கும், புது மாடல்கள் சிலவற்றில் அதே 7 அயர்ன் 29, 30 டிகிரி. அதாவது பழைய 6-க்கோ 5-க்கோ 7 என்று பெயர் மாற்றி, "எங்கள் 7 அயர்ன் இருபது கெஜம் அதிகம் போகும்" என்று விற்கிறார்கள். இதனால் பிட்ச்சிங் வெட்ஜும் 43, 44 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது, அதற்கும் 56 டிகிரி சாண்ட் வெட்ஜுக்கும் நடுவில் பெரிய பள்ளம் விழுகிறது, அப்புறம் அதை நிரப்ப இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டும். பழைய செட்டில் அந்தச் செலவு கிடையாது.

சாண்ட் வெட்ஜில் பவுன்ஸ் என்று ஓர் எண் எழுதியிருக்கும். மட்டையின் அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு புடைத்திருக்கிறது என்பதன் அளவு அது. மணலும் தரையும் பொலபொலவென்று இருக்கிற இடத்தில் 12, 14 நல்லது, மட்டை புதையாமல் வழுக்கிப் போகும். நம் சமவெளி மைதானங்களில் பிப்ரவரி முதல் மழை வரும் வரை தரை கட்டாந்தரையாக இருக்கும், பவுன்ஸ் அதிகமாக இருந்தால் அடிப்பாகம் தரையில் தட்டி எகிறிப் பந்தின் நடு வயிற்றில் வெட்டும். 8 அல்லது 10 வாங்குங்கள். கடையில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை, நான் இரண்டு வெயில்காலம் கஷ்டப்பட்ட பிறகு ஒரு கேடி (மைதானத்தில் பை தூக்கி வருகிறவர்) அண்ணன் மட்டையைத் திருப்பிக் காட்டிச் சொன்னார்.

தண்டு விஷயத்தில் பெருமை பார்க்காதீர்கள். ஸ்டிஃப் (விறைப்பான தண்டு) என்றால் பலசாலிக்கு, ரெகுலர் என்றால் சாதாரண ஆளுக்கு என்ற நினைப்பில் நிறையப் பேர் ஸ்டிஃப் வாங்கிவிட்டு, பந்து தாழ்வாகவும் வலதுபக்கமாகவும் போகிறதே என்று வருடக்கணக்கில் தவிக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ரெகுலர் போதும், அறுபது தாண்டியவர்களுக்கு அதைவிட இளக்கமானதே சுகம்.

பழையது வாங்குவதுதான் என் முதல் யோசனை. உங்கள் மைதானத்தின் புரோ ஷாப்பில் கேளுங்கள், கேடிகளிடம் சொல்லி வையுங்கள், வருடா வருடம் புது மாடலுக்கு மாறுகிற உறுப்பினர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுடைய மூன்று வருடப் பழைய மட்டைகள் நமக்குப் பத்து வருடம் வரும். கையில் எடுத்ததும் தலையைப் பிடித்துக் காதோரம் ஆட்டுங்கள், உள்ளே ஏதாவது உருளுகிற சத்தம் கேட்டால் வேண்டாம். தண்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் வளைவு தெரியும். முகத்தில் உள்ள கோடுகளில் நகத்தை ஓட்டுங்கள், நகம் மாட்டினால் இன்னும் உயிர் இருக்கிறது. கைப்பிடி ரப்பர் தேய்ந்திருந்தால் கவலையில்லை, மாற்றிக்கொள்ளலாம், விலையில் அதைக் கழிக்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் பாதி விலைக்குப் புது டிரைவர் என்று ஒன்றைப் பார்த்து நான் ஒரு தடவை ஏமாந்தேன். வந்தது போலி. தலையும் தண்டும் சேருகிற இடத்தில் இருந்த கறுப்பு வளையம் சரியாகப் பொருந்தவில்லை, எழுத்துகளில் பெயிண்ட் பிசிறடித்திருந்தது, பந்தில் பட்டால் தகரத்தைத் தட்டிய சத்தம். ஆறாவது வாரம் தலை கழன்று பறந்தது. நல்லவேளை, முன்னால் யாரும் இல்லை. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள், நேரில் கையில் தொட்டுப் பார்க்காமல் மட்டை வாங்காதீர்கள்.

பந்துக்கு வருவோம். டைட்லிஸ்ட் ப்ரோ வி1 மாதிரி யூரித்தேன் தோல் உள்ள பந்துகள் கிரீனில் விழுந்து சுழன்று நிற்கும், அருமையான பந்து, ஆனால் ஒரு ரவுண்டுக்கு ஐந்தாறு பந்து தொலைக்கிற காலத்தில் அது வேண்டாம். கெட்டியான மேல்தோல் உள்ள இரண்டடுக்குப் பந்து வாங்குங்கள், வளைவும் குறையும், வெட்டுப்பட்டும் கிழியாது. அதைவிட நல்லது, குளத்திலிருந்து எடுத்துக் கழுவி விற்கிற பழைய பந்துகள். புதுப் பந்து ஒன்றின் விலைக்கு மூன்று நான்கு கிடைக்கும். ரொம்ப நாள் தண்ணீரில் கிடந்து நிறம் மங்கியதை மட்டும் தள்ளிவிடுங்கள்.

அப்புறம் வியர்வை. நம் கடலோரப் புழுக்கத்தில் நாலாவது குழிக்குள் கையுறை நனைந்துவிடும். தோல் கையுறை காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்துப் போகும், செயற்கைத் துணி கலந்ததில் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒன்று பையின் வெளியே தொங்கிக் காயட்டும். மட்டையின் கைப்பிடியை மாதம் ஒரு தடவை பாத்திரம் தேய்க்கிற சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துக் கழுவுங்கள், வியர்வை எண்ணெய் போய் ரப்பர் மறுபடி கையில் ஒட்டும். ஒரு துண்டு, நான் ஈரிழைத் துண்டுதான் வைத்திருக்கிறேன், விலை உயர்ந்த எந்த கோல்ஃப் டவலையும்விட நன்றாக உறிஞ்சுகிறது.

எங்கே ஆடுவது

நம் மாநிலத்தில் மைதானங்கள் குறைவு, பெரும்பாலானவை உறுப்பினர் சங்கங்கள். உறுப்பினர் ஒருவரின் விருந்தினராகவோ, வார நாள்களில் கிரீன் ஃபீ கட்டியோ ஆட வேண்டியிருக்கும், வெளியாட்களுக்கு எந்த நாள், எந்த நேரம் என்பதை முதலிலேயே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் கூடாது என்ற உடை விதி ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு.

சென்னையில் நந்தனத்தில் இருக்கிற காஸ்மோபாலிட்டன் கிளப்பின் மைதானம் ஊருக்கு நடுவில், அண்ணா சாலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. தட்டையான தரை, ஆனால் மரங்கள் நெருக்கம், டிரைவரை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் நஷ்டமில்லை. கோயம்புத்தூரில் செட்டிபாளையம் மைதானம் விசாலமானது, மயில்கள் நடமாடும், பிற்பகலில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழும்பிவிட்டால் தூரத்தில் இரண்டு மட்டை வித்தியாசம் வரும், ஆகவே அங்கே விடிகாலையில் தொடங்குங்கள்.

மலை மைதானங்கள் தனி உலகம். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது, ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரம். ஊட்டியில் ஃபிங்கர்போஸ்ட் பக்கத்து ஜிம்கானா மைதானம் அதைவிடச் சற்று உயரம். குன்னூர் அருகே வெலிங்டனிலும் ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் கொடைக்கானல்தான். ஒரு மேட்டில் நின்று கீழே தெரிகிற ஃபேர்வேயில் பந்தை அடித்துவிட்டு, அது மூடுபனிக்கும் யூகலிப்டஸ் மரங்களுக்கும் நடுவில் இறங்குவதைப் பார்ப்பதற்காகவே வருடத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறுகிறேன்.

உயரத்தில் காற்று மெலிசு, பந்து எட்டுப் பத்து சதவீதம் கூடப் போகும். சென்னையில் 150 கெஜம் போகிற மட்டை அங்கே 160-ஐத் தாண்டும், ஆகவே ஒரு மட்டை குறைத்து, அதாவது அதைவிடக் குறைந்த தூரம் போகிற அடுத்த மட்டையை எடுங்கள். ஆனால் காலைக் குளிரில் பந்தும் உடம்பும் விறைத்திருக்கும், முதல் நாலைந்து குழிகளுக்கு இந்தக் கணக்கு பலிக்காது. ஏற்ற இறக்கத்தில் உங்கள் கால் எப்படி நிற்கிறது என்பது இன்னும் முக்கியம். பந்து காலைவிட உயரத்தில் இருந்தால் வலதுகைக்காரருக்கு இடதுபக்கம் போகும், தாழ்வாக இருந்தால் வலதுபக்கம் போகும், அதற்குத் தகுந்தபடி குறி வையுங்கள். மலைப் பக்கத்துக் கிக்குயூ புல் மட்டையின் கழுத்தைப் பிடித்து இழுக்கும், ரஃபில், அதாவது ஓரத்து உயரமான புல்லில், மாட்டினால் ஆசைப்படாமல் வெட்ஜ் எடுத்து வெளியே வருவதே உத்தமம்.

சமவெளி கிரீன்களில் பெர்முடா வகைப் புல். இது நிமிர்ந்து வளராது, ஒரு பக்கமாகச் சாய்ந்து படரும், பந்து அந்தச் சாய்வோடு போனால் வேகம், எதிராகப் போனால் மந்தம், குறுக்கே போனால் கடைசி இரண்டடியில் இழுபடும். பந்துக்குப் பின்னால் நின்று பாருங்கள், புல் பளபளவென்று தெரிந்தால் உங்களோடு சாய்ந்திருக்கிறது, கரும்பச்சையாகத் தெரிந்தால் எதிர்த்து நிற்கிறது. இன்னும் சந்தேகமா, குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள், ஒரு பக்க விளிம்பு மட்டும் சிதைந்து பழுப்பாக இருக்கும், புல் அந்தப் பக்கம்தான் படர்கிறது. மார்கழியில் காலைப் பனி இருந்தால் இதெல்லாம் கொஞ்சம் தள்ளிப்போகும், ஈரம் காயும் வரை கூடுதல் பலம் கொடுத்தே உருட்ட வேண்டும்.

கேடி அண்ணன்களிடம் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். நம் மைதானங்களில் பை தூக்குகிறவர்களில் பலர் இருபது முப்பது வருடம் அதே புல்லில் நடந்தவர்கள், வாரம் ஒரு திங்கள்கிழமை ஆட அனுமதி கிடைத்தாலே நம்மைவிட நன்றாக ஆடுகிறவர்கள். சி. முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர், 2009-இல் இந்தியன் ஓப்பன் போட்டியையே வென்றார். எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா ராயல் கல்கத்தா கிளப்பில் புல் பராமரிக்கிற வேலையில் இருந்தார், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே பழைய கோல்ஃப் கிளப் அது, 1829-இல் தொடங்கியது. அங்கே பார்த்துப் பார்த்துக் கற்ற மகன் 2016, 2017 இரண்டு வருடமும் இந்தியன் ஓப்பனை வென்றார். சிப்பிலும் பட்டிலும் அவருடைய கை அப்படி, அதனால் "சிப்புட்சியா" என்று செல்லப் பெயரே வைத்தார்கள்.

ஆகவே முதல் டீயிலேயே, அதாவது முதல் அடி அடிக்கிற இடத்திலேயே, மரியாதையோடு பேசுங்கள். "அண்ணே, நான் புதுசு, 8 அயர்ன் நூத்திப்பத்து கெஜம் போகும், எங்க அடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றால் போதும், அவர் உங்களுக்கான வழியைப் போட்டுவிடுவார். கிரீனில் "ரெண்டு கப் லெஃப்ட்" என்று சொன்னால் குழியின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இடதுபக்கம் தள்ளிக் குறி வைக்கச் சொல்கிறார். அதை முழுதாக நம்பி உருட்டுங்கள், பாதி அவர் சொன்னது, பாதி உங்கள் யோசனை என்று கலந்தால் இரண்டும் கெட்டுவிடும். ஸ்விங்கைத் திருத்தச் சொல்லிக் கேட்க மட்டும் வேண்டாம், ஆடும்போது ஒரே குரல்தான் தலைக்குள் இருக்க வேண்டும், அது உங்கள் பயிற்சியாளருடையதாக இருக்கட்டும். பந்து தொலைந்ததற்கு அவர் மேல் எரிந்து விழுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அப்படிப்பட்டவர்களோடு நான் இரண்டாவது தடவை ஆடுவதில்லை. கூலியைச் சில்லறையாக முன்னாலேயே எடுத்து வையுங்கள், குறைக்காதீர்கள், இடைவேளையில் நீங்கள் இளநீர் குடித்தால் அவருக்கும் ஒன்று.

ஆடும்போது

உங்கள் கணக்கு பார் இல்லை, போகி. பார் 72-க்கு ஒவ்வொரு குழியிலும் ஒன்று கூட என்றால் 90, அதுவே ரொம்ப நல்ல ரவுண்ட். பார் 4-ஐ மனதுக்குள் பார் 5 என்று மாற்றிக்கொண்டால் 400 கெஜம் உங்களை மிரட்டாது: 5 வுடில் 160, 6 அயர்னில் 130, 8 அயர்னில் 110, அப்புறம் இரண்டு பட். எல்லாமே கையில் இருக்கிற அடிகள். மரத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் இரண்டு மரத்துக்கு இடையே ஒரு ஜன்னல் தெரியும், அதன் வழியாக அடிக்கத் தோன்றும். தோன்றட்டும், நீங்கள் பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தட்டிவிடுங்கள்.

கிரீனுக்கு இருபது கெஜம் முன்னால் தரை கட்டியாக இருந்தால் சாண்ட் வெட்ஜைத் தூக்காதீர்கள். 8 அயர்னை எடுத்து, பட் அடிப்பது போலத் தட்டி, பந்தைச் சீக்கிரம் தரையில் இறக்கி உருள விடுங்கள். நம் வெயில்காலத்துத் தரைக்கு இதைவிடப் பத்திரமான அடி கிடையாது.

விதிகளில் சிலது தெரிந்தால் அடிகள் மிச்சம். 2019-இல் விதிகளை எளிமையாக்கினார்கள்: தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான், பந்தை எடுத்து வேறு இடத்தில் போட வேண்டி வந்தால் தோள் உயரத்துக்குப் பதிலாக முழங்கால் உயரத்திலிருந்து போட வேண்டும், கொடிக்கம்பு குழியிலேயே இருக்க பட் செய்யலாம், பங்கர் என்கிற மணல் பள்ளத்துக்குள் கிடக்கும் இலையையும் கல்லையும் எடுத்துப் போடலாம். பந்து காட்டுக்குள் போனது போலத் தெரிந்தால், "புரொவிஷனல் அடிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி அங்கேயே இன்னொன்று அடித்துவிட்டுப் போங்கள், திரும்பி நடக்கிற வேலை இல்லை. நமக்கென்றே எழுதினது போல ஒன்று உண்டு, எலி வளையில், பெருச்சாளிப் பொந்தில் பந்து சிக்கினால் தண்டனை இல்லாமல் எடுத்து வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம். பாம்பு மாதிரி ஆபத்தான உயிரினம் பக்கத்தில் இருந்தாலும் அப்படியே. கொடைக்கானலில் ஃபேர்வேயில் காட்டெருமைகள் மேயும்போது என் பந்து அவற்றின் காலடியில் கிடந்தது, கேடி அண்ணன் என் தோளைப் பிடித்து நிறுத்தி, "விட்டுடுங்க சார், வேற போட்டுக்கலாம்" என்றார். எத்தனை சாதுவாகத் தெரிந்தாலும் அவற்றின் பக்கம் போகாதீர்கள்.

மதிப்பெண் எழுத ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் தொடங்குங்கள். உங்கள் ஹேண்டிகேப்பைக் கழித்த பிறகு பார் வந்தால் இரண்டு புள்ளி, போகிக்கு ஒன்று, அதைவிட மோசமென்றால் பூஜ்யம், பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். ஒரு குழியில் பதினொன்று அடித்தாலும் ரவுண்ட் கெடாது, பின்னால் வருகிறவர்களும் காத்திருக்க வேண்டாம். தொடக்கத்தில் ஹேண்டிகேப் 54 வரை கொடுக்கிறார்கள், அதாவது ஒவ்வொரு குழிக்கும் மூன்று அடி சலுகை. தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காகத்தான் அந்த முறையே இருக்கிறது.

வெயில்காலத்தில் ஆறு மணிக்கு முதல் அடி அடித்திருக்க வேண்டும், ஒன்பதரைக்கு மேல் சென்னையில் ஆட்டம் இல்லை, வதைதான். தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள், உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் இருந்தால் பதினான்காவது குழியில் காலில் தசை பிடிக்காது. ஐப்பசி கார்த்திகையில் இடி சத்தம் ஒன்று கேட்டாலே ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கையில் இருப்பது இரும்புத் தண்டு, நிற்பது திறந்தவெளி.

முதல் ரவுண்டுக்கு வார நாள் பிற்பகல், கூட்டமில்லாத நேரம், ஒன்பது குழி மட்டும், உங்களைவிடப் பொறுமையான ஒருவரோடு போங்கள். மதிப்பெண் அட்டையில் மொத்தத்தோடு மூன்று எண்கள் எழுதி வையுங்கள்: எத்தனை பட், எத்தனை தண்டனை அடி, கிரீனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே எத்தனை அடி வீண். அடுத்த வாரம் எதைப் பயிற்சி செய்வது என்று அதில் பெரிதாக இருக்கிற எண் சொல்லிவிடும்.

அந்தத் தம்பி இன்னும் ஒரு மட்டையும் வாங்கவில்லை. என் பழைய 8 அயர்னையும் பட்டரையும் கொடுத்திருக்கிறேன், மூன்றாவது வகுப்பு முடிந்திருக்கிறது, நேற்று ராத்திரி ஜமக்காளத்தில் மூன்றடி பட் இருபதில் பதினாறு உள்ளே போனதாக வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான்.